பழைய அடுக்குமாடி வீட்டை வெளிச்சமான புது வீடாக்க: எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருப்பது

பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியவர்களில் பலர் புதுப்பிக்கும் வேலையை டைல்ஸ் கடையிலிருந்தும் பெயின்ட் நிற அட்டையிலிருந்தும் தொடங்குகிறார்கள். அந்த வீடுகள் இருண்டு கிடப்பதற்கு நிறம் சிறிய காரணமே. நீண்டு ஓடும் நடைவழி, நான்கு பக்கமும் மூடிய சமையலறை, ஜன்னலை ஒட்டி உயரமாக எழுந்து நிற்கும் அலமாரிகள் ஆகியவைதான் வெளிச்சத்தை உள்ளே வரவிடாமல் தடுக்கின்றன. இவற்றை மாற்ற வேண்டுமானால் சுவரில் கை வைக்க வேண்டும். சுவரில் கை வைக்க வேண்டுமானால் அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஆவணங்கள் வேண்டும். என் வீட்டில் இந்த வேலையைப் பல தடைகளுக்கிடையே முடித்த பிறகு, முதன்முறையாக இதில் இறங்குபவர்கள் எந்த வரிசையில் நகர வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். விதிமுறைகள் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆனால் வேலையின் வரிசை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. இடிக்கும் முன் ஆவணங்களைச் சேருங்கள்

உரிமைப் பத்திரம், கட்டடத்தின் அனுமதிக்கப்பட்ட மூல வரைபடம், உரிமையாளர் சங்கத்தின் துணைவிதிகள், காப்பீட்டுப் பத்திரம், வீட்டுக்கடன் இருந்தால் அதன் ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வரைபடத்தைப் பொறுத்தவரை உங்கள் தளத்தின் வரைபடம் மட்டும் போதாது. மேல்தளம், கீழ்த்தளம் இரண்டின் வரைபடங்களையும் கேட்டு வாங்குங்கள். எந்தச் சுவருக்கு மேலே எது நிற்கிறது என்பது அவற்றில்தான் தெரியும்.

அடுத்து, எது உங்களுடையது, எது பொதுச் சொத்து என்பதைத் துணைவிதிகளில் தேடிப் படியுங்கள். வெளிச்சுவர், ஜன்னல் சட்டங்கள், நுழைவாயில் கதவு, பால்கனிக் கைப்பிடி, குழாய்கள் செல்லும் செங்குத்துத் தடங்கள் ஆகியவை பல குடியிருப்புகளில் பொதுச் சொத்தாகவே கருதப்படுகின்றன. வெளிச்சத்துக்காக ஜன்னலைப் பெரிதாக்கலாம் என்ற திட்டம் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடும். ஜன்னலின் அளவை மாற்ற முடியாவிட்டாலும், தடித்த பழைய சட்டத்தை எடுத்துவிட்டு மெல்லிய சட்டமும் தெளிந்த கண்ணாடியும் பொருத்த அனுமதி கிடைக்கக்கூடும். ஆகவே இரண்டையும் தனித்தனிக் கோரிக்கைகளாக எழுதுங்கள். ஒன்று மறுக்கப்பட்டால் மற்றதும் சேர்ந்து போகாமலிருக்கும்.

சங்கத்துக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் தரும் விண்ணப்பத்தில் தற்போதைய வரைபடம், மாற்றத்துக்குப் பிந்தைய வரைபடம், கட்டமைப்புப் பொறியாளரின் கடிதம், வேலை நேரம், இடிபாடுகளை அகற்றும் வழி, லிஃப்ட் பயன்பாடு ஆகியவை இருக்க வேண்டும். பொறியாளரின் கடிதத்துக்காகவே மற்ற எல்லாம் காத்திருக்கும் என்பதால் அதை முதலில் கேட்டுப் பெறுங்கள். சங்கச் செயலாளர் படிக்கட்டில் நின்று சொல்லும் ‘சரி, செய்யுங்கள்’ என்ற சொல்லை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிர்வாகக் குழு மாறும்போது அந்தச் சொல்லும் அவருடனே போய்விடும். எழுத்தில், தேதியுடன், கையொப்பத்துடன் வாங்குங்கள்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே செய்துவிடுங்கள். கீழ்வீட்டாரிடம் அனுமதி கேட்டு அவர்களுடைய கூரையையும், பக்கத்து வீட்டாரின் பொதுச்சுவரையும், ஏற்கெனவே உள்ள விரிசல்கள் தெரியும்படி படம் பிடித்து, அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இடிக்கும் வேலை தொடங்கிய பிறகு, பழைய விரிசல்களும் புதிதாகத் தெரியத் தொடங்கும்.

2. வெளிச்சம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைகளிலும் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு வீட்டில் நடந்து பாருங்கள். புத்தகத்தின் சிறிய எழுத்துகளைச் சிரமமின்றிப் படிக்க முடியும் எல்லையை வரைபடத்தில் பென்சிலால் கோடிட்டு வாருங்கள். கைபேசியில் வெளிச்சம் அளக்கும் செயலிகள் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் ஓர் அறையை இன்னோர் அறையோடு ஒப்பிட அவை போதும்.

ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப்போல் ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பயன்படத்தக்க பகல் வெளிச்சம் அறைக்குள் செல்லும் என்பது கட்டடக்கலையில் வழங்கும் தோராயக் கணக்கு. மேல்விளிம்பு 2.1 மீட்டரில் இருந்தால், நான்கு அல்லது ஐந்து மீட்டருக்கு அப்பால் விளக்கு வேண்டும் என்று பொருள். இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, ஜன்னலை அகலமாக்குவதைவிட மேல்நோக்கி உயர்த்துவது அறையின் ஆழத்துக்கு அதிகம் உதவும். மற்றொன்று, ஜன்னலின் தலைப்பகுதியை மறைக்கும்படி ஃபால்ஸ் சீலிங்கைத் தாழ்த்தினால், நீங்களே பணம் கொடுத்து வீட்டை இருட்டாக்கிக்கொள்கிறீர்கள். ஏசி குழாய்க்காகக் கூரையைத் தாழ்த்தியே ஆக வேண்டுமென்றால், அதை நடைவழிக்குள் முடித்துக்கொண்டு, ஜன்னல் இருக்கும் பக்கத்தை முழு உயரத்துக்கு விட்டுவிடச் சொல்லுங்கள்.

திரைச்சீலைக் கம்பியை ஜன்னலின் இருபுறமும் ஒரு சாண் அளவாவது நீட்டிப் பொருத்தினால், திரையை விலக்கும்போது துணி கண்ணாடியை விட்டுச் சுவருக்குப் போய்விடும். மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் வெளிச்சம் இதுதான்.

நடுவில் இருக்கும் இருட்டறைகளுக்கு வெளிச்சத்தைக் கடன்தான் வாங்க வேண்டும். கதவுக்கு மேலுள்ள சுவரில் ஒரு கண்ணாடிப் பட்டை, மரக்கதவுக்குப் பதிலாக வரியிட்ட கண்ணாடிக் கதவு, இரு அறைகளுக்கிடையே உள்ஜன்னல் ஆகியவை அதற்கான வழிகள். கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். நுழைவாயில் கதவும் தீ வெளியேறும் வழியிலுள்ள கதவுகளும் தீத்தாங்கு தரம் பெற்றவையாக இருக்க வேண்டியிருந்தால், அவற்றில் கண்ணாடி வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

3. சுவரை அறிந்த பிறகே திறக்கவும்

தட்டினால் உள்ளீடற்ற ஓசை வருகிறது, மெல்லியதாக இருக்கிறது என்பதற்காக ஒரு சுவரைத் தடுப்புச் சுவர் என்று முடிவு செய்துவிடாதீர்கள். பழைய கட்டடங்களில் மெல்லிய சுவர்கூட மேலே உள்ள பாரத்தை ஓரளவு தாங்கிக்கொண்டிருக்கலாம். தூணும் உத்தரமுமாகக் கட்டப்பட்ட கட்டடமா, சுவர்களே பாரம் தாங்கும் கட்டடமா என்பதைப் பொறியாளர் நேரில் வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இதை ஒப்பந்தக்காரரின் அனுபவத்துக்கு விடக் கூடாது. ஏனெனில் அந்தக் கடிதத்தில் கையொப்பமிடப் போகிறவர் அவரல்ல.

எங்கள் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த சுவரைப் பொறியாளர் தடுப்புச் சுவர் என்றே உறுதி செய்தார். எனினும், முழுவதையும் இடிக்கும் முன் உள்ளங்கை அளவுக்கு மூன்று இடங்களில் பூச்சைக் கொத்திப் பார்க்கச் சொன்னார். கீழே இருந்த துளையில் டார்ச் அடித்தபோது, விரல் ஆழத்தில் மேல்வீட்டின் கழிவுநீர் இரும்புக் குழாய் தெரிந்தது. அதன் இணைப்பைச் சுற்றிச் செந்நிறத் துரு ஈரமாகப் படிந்திருந்தது. மூல வரைபடத்தில் அந்தக் குழாயே இல்லை. அந்த ஓரத்தை அப்படியே ஒரு குறுகிய தூணாக விட்டு, மீதிச் சுவரை மட்டும் திறந்தோம். குழாய் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்ததால் பழுதுச் செலவைச் சங்கம் ஏற்றது. இடிக்கும்போது உடைந்திருந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழுந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சமையலறையைக் கூடத்தோடு இணைப்பதற்கு முன் எரிவாயு விதிகளையும் கேட்டறியுங்கள். எரிவாயு அடுப்புள்ள சமையலறைக்குக் கதவு இருந்தே தீர வேண்டும் என்று சட்டமுள்ள நாடுகள் உண்டு. அங்கே நகரும் கண்ணாடிக் கதவு நல்ல சமரசமாகும்.

கட்டடம் பல பத்தாண்டுகள் பழையதென்றால், இடிப்பதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பழைய வினைல் தரைத் தகடு, அதன் அடியிலுள்ள பசை, குழாய் உறை, கூரை அட்டை ஆகியவற்றில் அது இருக்கலாம். உடைக்காமல் இருக்கும்வரை அதனால் பெரும்பாலும் ஆபத்தில்லை; உடைத்தால் பறக்கும் தூசிதான் ஆபத்து. பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள்.

4. செலவை எப்படிப் பிரிப்பது

மொத்தத் தொகையை எழுதிய உடனே அதில் 15 முதல் 20 சதவீதத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் வீட்டைத் திட்டமிடுங்கள். புதிய கட்டடத்துக்கு 10 சதவீதம் போதுமென்பார்கள். பழைய கட்டடத்தில் சுவரைத் திறந்தால் எது வருமென்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்தத் தொகையை நல்ல டைல்ஸைக் கண்டதும் எடுத்துச் செலவழிக்கத் தோன்றும். தரை வேலை முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

மதிப்பீட்டில் மறந்துபோகும் செலவுகள் எப்போதும் இவையேதான்: இடிபாடுகளை மாடியிலிருந்து இறக்கி அகற்றுவது, சங்கத்துக்குக் கட்டும் வைப்புத்தொகை, அனுமதிக் கட்டணம், பொறியாளர் கட்டணம், வேலை நடக்கும் மாதங்களுக்கான வாடகை, பொருட்களைச் சேமித்து வைக்கும் இடம், முடிந்தபின் ஆழ்ந்த துப்புரவு. டைல்ஸைத் தேவையான பரப்பைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். சாய்வாகப் பதிப்பதானால் இன்னும் அதிகம் வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தொகுதி எண் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறினால் நிறமும் மெல்ல மாறும்.

பழைய வீட்டிலிருந்து எதை வைத்துக்கொள்வது என்பதும் செலவுக் கணக்கில் சேரும். திடமான மரக்கதவுகள், மொசைக் தரை, பூ வேலைப்பாடுள்ள சிமென்ட் ஓடுகள் ஆகியவற்றை எடுத்தெறிந்துவிட்டு அதே தரத்தில் புதிது வாங்க நினைத்தால் விலை மலைக்க வைக்கும். மொசைக்கை இயந்திரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அதுவே வெளிச்சத்தைத் திருப்பித் தரும். எல்லாவற்றையும் புதிதாக்கிய வீடு விரைவில் விடுதி அறைபோல் தோன்றத் தொடங்கும் என்பது என் எண்ணம். இரண்டு மூன்று பழைய பொருட்களாவது கண்ணில் பட வேண்டும்.

5. ஒப்பந்தம்

குறைந்தது மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் ஒரே வரைபடத்தையும் ஒரே வேலைப் பட்டியலையும் கொடுத்து மதிப்பீடு கேளுங்கள். ஒரே வரியில் மொத்தத் தொகை எழுதித் தருபவரின் மதிப்பீட்டை மற்றவற்றோடு ஒப்பிடவே முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் அளவு, பொருளின் தரம், பிராண்ட், கூலி ஆகியவை தனித்தனியாக வேண்டும். எல்லாரையும்விட மிகக் குறைவாகக் கேட்பவரிடம், அவர் பட்டியலில் எது விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் நீர்த்தடுப்பும் இடிபாடு அகற்றலும்தான் அதில் இருக்காது.

பணத்தை முடிந்த வேலைக்கேற்பத் தவணைகளில் கொடுங்கள். ‘இரண்டாம் மாத இறுதியில்’ என்று எழுதாமல் ‘குழாய் அழுத்தச் சோதனையும் ஒயரிங் சோதனையும் முடிந்த பின்’ என்று எழுதுங்கள். கடைசி 5 முதல் 10 சதவீதத்தை, குறைகள் சரிசெய்யப்பட்டுச் சில மாதங்கள் கழியும்வரை நிறுத்திவைக்கும் விதியையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். இடையில் வரும் மாற்றங்களை வாய்மொழியாகச் சொல்லாமல், அதற்கான விலையும் கூடுதல் நாட்களும் குறிப்பிட்டுக் குறுஞ்செய்தியிலாவது பதிவு செய்யுங்கள். ‘பார்த்துக்கலாம் சார்’ என்ற பதிலுக்குக் கடைசி பில்லில் தனி வரி இருக்கும்.

6. சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் செல்பவை

கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைகளில் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய ஒயரிங்கில் எர்த் கம்பியே இல்லாத வீடுகள் இருக்கின்றன. முழுவதையும் மாற்றும்போது விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக் பாயின்ட்டுகளுக்கு 2.5, ஏசி, வாட்டர் ஹீட்டர் போன்றவற்றுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி என்பது பொதுவான வழக்கம். உரிமம் பெற்ற மின் பணியாளர் உங்கள் ஊரின் விதிப்படியும் சாதனங்களின் பளுப்படியும் அதை உறுதி செய்ய வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும். சுவரைப் பூசி மூடும் முன், அளவு நாடாவைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு ஓர் அலமாரிக்குத் துளையிடும்போது அந்தப் படம் எவ்வளவு பெரிய உதவி என்பது புரியும்.

குளியலறையை இடம் மாற்ற நினைப்பவர்கள் கழிவுநீரின் சரிவைக் கணக்கிட வேண்டும். மீட்டருக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் சரிவு என்று வைத்தால், மூன்று மீட்டர் தள்ளிப்போகும் கழிப்பறைக் குழாய் 7.5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். குழாயின் விட்டமே 10 சென்டிமீட்டருக்கு மேல். இவ்வளவு இடம் தரைக்கடியில் இல்லையென்றால் தரையைப் படிபோல் உயர்த்த வேண்டிவரும். அதற்குப் போடும் கனமும் சாதாரணமல்ல: 5 சென்டிமீட்டர் சிமென்ட் கலவை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடை கொண்டது. ஆகவே கழிப்பறையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கைகழுவும் தொட்டியையும் ஷவரையும் மட்டும் நகர்த்துவதே பெரும்பாலும் நல்லது.

நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்த பின், வடிகாலை அடைத்துக் குளியலறைத் தரையில் தண்ணீர் தேக்கி 24 முதல் 48 மணிநேரம் விடுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு, கீழ்வீட்டுக் கூரையையும் போய்ப் பாருங்கள். டைல்ஸ் பதித்த பிறகு இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை. ‘நாங்கள் பார்த்துவிட்டோம்’ என்று ஒப்பந்தக்காரர் சொன்னாலும் உங்கள் கண்முன் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

7. காயும் காலத்தைக் குறைக்காதீர்கள்

வேலை தாமதமாகும் இடங்கள் இரண்டு. முதலாவது, முன்கூட்டியே வாங்கச் சொல்ல வேண்டியவை. அளவெடுத்துச் செய்யப்படும் ஜன்னல்கள் வந்துசேரப் பல வாரங்கள் ஆகும். அனுமதி கிடைத்த அன்றே ஆர்டர் கொடுங்கள். சமையலறை அலமாரிகளின் வடிவமைப்பை முன்பே முடிக்கலாம். ஆனால் இறுதி அளவைப் பூச்சும் தரையும் முடிந்தபிறகே எடுக்க வேண்டும். பழைய வீட்டில் எந்த மூலையும் சரியாக 90 பாகையில் இருக்காது.

இரண்டாவது, ஈரம். தரைச் சிமென்ட் கலவை நல்ல காற்றோட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில்தான் உலரும் என்பது கைக்கணக்கு. 5 சென்டிமீட்டர் கனமென்றால் ஏழு வாரம். அதற்குமுன் மரத்தரை போட்டால் பலகைகள் வளைந்து எழும். புதுப் பூச்சின் மேல் பெயின்ட் அடிக்கவும் சில வாரங்கள் விட வேண்டும். நாள் குறித்துக் குடிபோக நினைப்பவர்கள் அட்டவணையில் முதலில் வெட்டுவது இந்தக் காத்திருப்பைத்தான். ஈரமானி வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மேற்பரப்பைக் கையால் தடவிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

8. நிறமும் விளக்கும்

இப்போதுதான் நிற அட்டையை எடுக்கலாம். பெயின்ட் நிறுவனங்கள் பல, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளியைத் திருப்பும் அளவை 0 முதல் 100 வரையிலான எண்ணில் தருகின்றன. கூரைக்கு 80க்கு மேலும், சுவர்களுக்கு 60 அல்லது 70க்கு மேலும் உள்ள நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். வடதிசை வெளிச்சமோ நிழல் விழும் அறையோ நீலம் கலந்த வெள்ளையைச் சாம்பலாகக் காட்டிவிடும். அங்கே சற்று மஞ்சள் கலந்த வெள்ளை நல்லது. ஒரு பெரிய அட்டையில் இரு கோட் அடித்து, அதை அறையின் நான்கு சுவர்களிலும் மாற்றி மாற்றிச் சாய்த்து வைத்துப் பாருங்கள். பளபளப்பான பெயின்ட் பழைய சுவரின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் வெளிக்காட்டும் என்பதால் சுவர்களுக்கு மங்கலான பூச்சே பொருத்தம்.

விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் குறிப்பார்கள்; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். வசிக்கும் அறைகளுக்கு 2700 முதல் 3000 கெல்வின், சமையல் மேடைக்கு வேண்டுமானால் 4000 கெல்வின் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் ஒன்றாகப் படும் இரு விளக்குகள் வெவ்வேறு நிறத்தில் இருக்கக் கூடாது. நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான குறியீடு (CRI) 90க்கு மேலுள்ள பல்புகளையே வாங்குங்கள். கூரை முழுக்கச் சிறு வட்ட விளக்குகளை வரிசையாகப் பதிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அது தரையை மட்டும் வெளிச்சமாக்கிச் சுவர்களை இருட்டில் விடும். சுவர் மீது ஒளி படிந்தால்தான் அறை விரிந்ததாகத் தோன்றும். சமையல் மேடைக்கு மேலலமாரியின் அடியில் விளக்குப் பட்டை இல்லையென்றால், உங்கள் நிழலிலேயே காய்கறி நறுக்க வேண்டியிருக்கும்.

9. ஒப்படைப்பு

கடைசித் தவணைக்கு முன் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை வீட்டை முழுவதும் சுற்றிப் பாருங்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் பட்டி வேலையின் அலைகள் தெரியும். நாணயத்தால் டைல்ஸைத் தட்டினால் அடியில் கலவை நிரம்பாத ஓடுகள் வேறு ஓசை தரும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து வடிகால் வேகத்தைப் பாருங்கள். எல்லா மின்சாதனங்களையும் சேர்த்து ஓட்டி, பளு மிகும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. விழுகிறதா என்று சோதியுங்கள். குறைகளை எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, முடிக்க வேண்டிய தேதியையும் போடுங்கள்.

மின் சோதனைச் சான்று, நீர்த்தடுப்பு உத்தரவாதம், ஜன்னல் உத்தரவாதம், பெயின்ட் நிறங்களின் எண்கள், புதிய மின் மற்றும் குழாய் வரைபடம், ஒவ்வொரு வகை டைல்ஸிலும் மிச்சமாக ஒரு பெட்டி ஆகியவற்றை ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்கிய பின் கடைசித் தவணையைத் தாருங்கள். ஒப்பந்தப்படி நிறுத்திவைத்த தொகை மட்டும் அதற்குரிய காலம் கழியும்வரை உங்களிடமே இருக்கட்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் நிறைவுச் சான்று கேட்கும் இடமாக இருந்தால் அதையும் அந்த வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். சங்கத்திடம் கட்டிய வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்கும் கடிதத்தோடு, பொது நடைவழியும் லிஃப்டும் சேதமின்றி இருப்பதைக் காட்டும் படங்களையும் இணைத்துக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றங்களை எழுதித் தெரிவியுங்கள்.